ஆரஞ்சு வீட்டின் முன்கதவு

எங்கள் ஸ்கார்னே தீவில் முன்கதவு மூன்று பேருக்குத்தான் திறக்கும்: கல்யாணப் பெண்ணுக்கு, பாதிரியாருக்கு, பிணத்துக்கு. மற்றபடி டாக்டரே வந்தாலும் சந்துக்குள் புகுந்து வீட்டைச் சுற்றிப் பின்கதவைத்தான் தட்ட வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் எங்கள் ஊரில் பயம் அதிகம்.

நான் இருபத்து நான்கு வயதில் அந்த முன்கதவு வழியாக டார்க்கிலின் வீட்டுக்குள் வந்தேன். பிறகு முப்பத்தோரு வருஷம் பின்கதவுதான். அடுத்த முறை அந்த வழியாகப் போவது நானாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான். எப்போதும் அப்படித்தான், படகுக்குப் போவதென்றாலும் எனக்கு முன்னால் துறையில் போய் நின்றுகொண்டு, நேரமாச்சு நீலினா என்று சத்தம் போடுவான்.

அவன் போகவேண்டிய அந்தக் கதவை அடைத்தது பட்டன் துறை.

பட்டன் துறை என்பது ஊர் இல்லை. பால் பல் விழாத பிள்ளைகளுக்காக டிவியில் வந்த தொடர். அதில் ஒரு தீவு, தீவில் ஒரு துறைமுகத் தெரு, தெருவில் ஏழு வீடு, வீட்டுக்கொரு நிறம். எங்கள் தெருதான் அது. அதற்கு முன் எல்லா வீடும் வெள்ளை, கடற்காற்று பட்டுப் பட்டுச் சாம்பலான வெள்ளை. டிவிக்காரர்கள் வந்து பக்கத்து வீட்டு டோலினாவுக்கு ரோஜா நிறம் அடித்தார்கள், ஹோட்டலுக்கு நீலம், எங்களுக்கு ஆரஞ்சு. ஆரஞ்சு மிதவைக்கு அடிக்கிற நிறம், வீட்டுக்கு யாராவது அடிப்பார்களா என்று டார்க்கில் கேட்டான். எங்கள் கூரை அப்போது பத்து இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. பெயின்ட் அடிக்கிற கையோடு கூரையும் மாற்றித் தருகிறோம் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவன் போடவில்லை, ஒரு கையெழுத்தே போதும் என்றார்கள்.

தொடரில் எங்கள் வீட்டில் குடியிருப்பவர் கேப்டன் பிம். ஆரஞ்சு கோட்டு, பெரிய தொப்பி. பிள்ளைகள் தெருவில் நின்று 'யார் வீட்டில் இருக்கிறார்' என்று பாடுவார்கள். ஒரு பிள்ளை வந்து மூன்று தடவை கதவைத் தட்டும். கேப்டன் திறந்துகொண்டு வந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். எல்லாரும் இரண்டு கையையும் ஆட்டுவார்கள். அவ்வளவுதான் கதை. இதற்காகத் தேசம் முழுக்கப் பிள்ளைகள் சோற்றை மறந்து உட்கார்ந்திருக்கும்.

வீட்டின் உட்புறக் காட்சியெல்லாம் கிளாஸ்கோவில் ஒரு கொட்டகைக்குள் எடுத்தார்கள். இங்கே கதவு மட்டும். கதவு திறக்கும்போது கிளாஸ்கோவில் இருக்கிற அதே நங்கூரம் போட்ட சுவர்க் காகிதம் தெரிய வேண்டுமாம். அதற்காக எங்கள் முன்கதவுக்கு உள்பக்கம், நடைவழியை அடைத்து, பலகையால் ஒரு பெட்டி கட்டினார்கள். ஓர் ஆள் நிற்கலாம், உட்கார முடியாது. கேப்டன் வேஷக்காரர் தெருப்பக்கமாக அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூப்பிடும்வரை நிற்பார். நல்ல மனுஷன். பெட்டிக்கும் எங்கள் முன்னறைக்கும் நடுவில் ஒரு சின்னத் துளை விட்டிருந்தார்கள். அதன் வழியாக நான் டீயும் பிஸ்கட்டும் நீட்டுவேன். கை மட்டும் வரும், நன்றி என்று குரல் மட்டும் வரும். மே மாதம் கட்டிய பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அடுத்த வருஷமும் வேண்டுமே என்றார்கள்.

அந்த முதல் வருஷமே, பெயின்ட் காய்ந்து படப்பிடிப்புத் தொடங்கும் முன்பே, பிப்ரவரியில் டார்க்கிலுக்குப் பக்கவாதம் வந்தது. நண்டுக் கூண்டை இழுத்துக்கொண்டிருந்தபோது படகிலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது இடது பக்கம் முழுக்க உயிரில்லை. முகத்தில் பாதி கீழே இறங்கியிருந்தது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை.

முன்னறை ஜன்னலில் சக்கர நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். எந்தப் படகு எப்போது போனது, எவன் கயிற்றை ஒழுங்காகக் கட்டவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். படப்பிடிப்பின் முதல் வாரம், கதவைத் தட்ட அழைத்து வந்திருந்த நான்கு வயதுப் பெண் பிள்ளை ஜன்னலைப் பார்த்தது. இவன் அதைப் பார்த்துச் சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது. பிள்ளை வீறிட்டுக் கத்தி, அன்றைய வேலையே நின்றுபோனது.

மதியம் பிப்பா வந்தாள். டிவிக்காரர்களின் ஊர் வேலையெல்லாம் அவள் கையில். லண்டன் பெண், முப்பது வயது இருக்கும். பின்கதவுக்கு வர வேண்டும் என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். கேமரா ஓடுகிற நேரம் மட்டும் அவர் வேறெங்காவது உட்கார முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கியது, நடிப்பில்லை.

எங்கள் ஊரில் விருந்தாளி முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டோம். முன்கதவுச் சட்டத்தைவிடப் பழைய சட்டம் அது. வீட்டையே கேட்டாலும், அதுக்கென்ன, எடுத்துக்கோங்க என்றுதான் வாய் சொல்லும். வயிற்றெரிச்சலைப் பிறகு பின்கதவில் வைத்துக்கொள்வோம். நானும் அதுக்கென்ன என்றேன். நாற்காலியைப் பின்னறைக்குத் தள்ளினேன்.

பின்னறை ஜன்னலுக்கு வெளியே பாறை. கை நீட்டினால் தொடலாம். வருஷம் முழுக்க ஈரம் சொட்டும். முதலில் கேமரா ஓடும் நேரம் மட்டும். பிறகு தொடர் டிவியில் வந்ததும் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வர ஆரம்பித்தார்கள். பகல் முழுக்கக் கதவில் டொக் டொக் டொக். கேப்டன் கிளாஸ்கோ போயிருக்கிறார் என்று நான் சந்து வழியாக ஓடிவந்து சொல்ல வேண்டும். அதனால் கோடை முழுக்க நாற்காலி பின்னறையிலேயே இருந்தது. பிறகு குளிர்காலத்திலும். பின்னறை நிலைப்படியைத் தாண்டிச் சக்கரத்தைத் தூக்குவது கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்ல நினைத்தவளுக்குக் காரணமா கிடைக்காது?

தினமும் காலையில் அவன் கேட்பான், தண்ணி ஏறுதா, இறங்குதா என்று. முன்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். சில நாள் பார்க்காமலே சொன்னேன். தெருவில் பிள்ளைகள் 'யார் வீட்டில் இருக்கிறார்' என்று பாடும்போது, பின்னறையிலிருந்து அந்தப் பாதி வாயால், "நான் இருக்கேன்" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது கோடையின் கடைசியில், ஒரு புதன்கிழமை மதியம், பாறையைப் பார்த்தபடியே போய்விட்டான். நான் பக்கத்தில்கூட இல்லை. கேப்டனுக்கு டீ நீட்டிக்கொண்டிருந்தேன்.

டோலினா வந்து என்னோடு சேர்ந்து குளிப்பாட்டினாள். தச்சன் காலிச் சவப்பெட்டியை நிமிர்த்திப் பிடித்துச் சந்து வழியாகக் கொண்டுவந்தான். சந்து ஒரு தோள் அகலம், நடுவில் ஒரு முடக்கு, நிமிர்த்தினால்தான் திரும்பும். காலிப் பெட்டியை நிமிர்த்தலாம். ஆளோடு நிமிர்த்தி நிற்க வைத்து எவனாவது கொண்டுபோவானா? அவனைச் சவப்பெட்டியில் கிடத்தி முன்னறையில் வைத்து, ஜன்னல் திரைகளை இறக்கினோம். சாவு வீட்டில் புதைத்து முடிக்கும்வரை திரை ஏறக் கூடாது. பெட்டி தெருவில் போகும்போது தெரு முழுக்கத் திரை இறங்கும். மூன்றாம் நாள் புதைக்க வேண்டும், அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கோழிக்குத் தீனி போடுவதற்கே யோசிப்பார்கள், குழி மூடுவது எங்கே. ஆக சனிக்கிழமை, முன்கதவு வழியாக. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷம் பின்னால் கிடந்தவன் ஒரு தடவை முன்னால் போகட்டும் என்பதுதான்.

வியாழக்கிழமை பிப்பா கேக்கோடு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமைதான் கடைசிப் படப்பிடிப்பு. அறுபது பிள்ளைகள் கப்பலில் வருகிறார்கள், ஆரஞ்சு வீட்டு வாசலில்தான் முடிவுக் காட்சி, கதவுக்குப் பின்னால் இருக்கிற பலகைப் பெட்டியை அதற்கு முன் பிரித்தால் மறுபடி அதே மாதிரி கட்ட முடியாது. திங்கட்கிழமை தானே ஆட்களோடு வந்து பிரித்துத் தருவதாகவும், அதுவரை எப்படியாவது என்றும் கேட்டாள். நான் அவளுக்கு டீ ஊற்றினேன். இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொள் என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. நான் ஒப்புக்கொண்டதாக நினைத்து எழுந்து போனாள். அவள்மேல் என்ன தப்பு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோலினா மூச்சு வாங்க வந்தாள். சாவுச் செய்தியை எழுதிக் கடைக் கதவில் ஒட்டுவது வழக்கம். அதில் சனிக்கிழமையை அடித்துத் திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறதாம். கையெழுத்து யூவனுடையதாம்.

யூவன் டார்க்கிலின் தம்பி. நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கப்பல் வந்தால் கயிறு பிடித்துக் கட்டுவது அவன் வேலை. தொடரின் ஆரம்பத்தில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கயிறு வீசுகிறவனும் அவனே. தேசத்தின் பாதிப் பிள்ளைகளுக்கு அவன் முகம் தெரியும். சபையில் மூப்பர் வேறு. சும்மாவே தலைக்கனம் தாங்காது. ஜெபத்துக்கு வந்தவர்கள் போனபிறகு அவனைச் சமையலறையில் நிறுத்தி வைத்தேன்.

"திங்கக்கிழமைன்னு எழுதினது நீயா?"

"ரெண்டு நாள்தானே நீலினா. அவன் எங்க அவசரமாப் போகணும்?"

"குழி வெட்டியாச்சு. மழை வந்தா தண்ணி நிக்கும். உன் அண்ணனைத் தண்ணியில இறக்கப் போறியா?"

அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நியாயம் பேசினான். முன்பு கப்பல் வாரத்துக்கு மூன்று தடவை, இப்போது தினமும் இரண்டு தடவை. மூடப் போகிறோம் என்று சொன்ன பள்ளிக்கூடத்தை மூடவில்லை. ஹோட்டலில் ஒன்பது பெண்களுக்கு வேலை. எல்லாம் பட்டன் துறையால். அடுத்த வருஷம் எடுப்பார்களா என்பதே சந்தேகம். இந்த நேரத்தில் கடைசிக் காட்சியைக் கெடுத்தால் யார் திரும்பி வருவார்கள்? செத்தவனுக்கு ஊர் வேண்டாம், இருக்கிறவர்களுக்கு வேண்டும். அவ்வளவு அவசரம் என்றால் சனிக்கிழமை படப்பிடிப்பு முடிந்ததும் ஜன்னல் வழியாக இறக்கிக்கொள்ளலாம் என்றான்.

"ஜன்னல் வழியா சோபாதான் இறங்கும். உன் அண்ணன் இறங்க மாட்டான். அவன் முன்கதவு வழியாத்தான் போவான், எல்லாரும் பாக்கப் போவான்."

யூவன் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"நல்லாப் பேசறே. அவன் மூஞ்சி யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு ரெண்டு வருஷம் பின்னாடி உக்கார வச்சது யாரு? பிப்பாவா? அவ கேமரா ஓடற நேரம் மட்டும்தான் கேட்டா. மிச்ச நேரம் யாரு கேட்டா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உணர்ந்தவன்போலப் பின்கதவைச் சாத்தாமலே போய்விட்டான். ஊர் முழுக்க இது தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பின்னறைக்குள் நடப்பது பின்னறையோடு போகும் என்று நினைத்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். டார்க்கிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே சுத்தியல் சத்தம். முன்னறையில் திரை வழியாக வந்துகொண்டிருந்த கொஞ்ச வெளிச்சமும் மெல்ல மெல்லக் குறைந்து, நின்றுபோனது. டோலினா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் ஜன்னலில் திரை இறங்கியிருப்பது கேமராவில் தெரியக் கூடாது என்று, வெளியே ஒரு பலகையை அடித்திருக்கிறார்கள். பலகையில் திறந்த ஜன்னல் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். ஜன்னலில் பூந்தொட்டிகூட வரைந்திருக்கிறது என்றாள்.

கதவில் பெட்டி. ஜன்னலில் பலகை. பின்னால் பாறை. இருட்டில் நானும் அவனும். விளக்கைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் சுவரைப் பார்க்கும்போது, அவன் இரண்டு வருஷமாக இருந்த இடம் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அந்த நேரத்தில் பார்க்கவில்லை.

"டோலினா, பாதிரியார் வீட்டுக்குப் போ. இன்னைக்குத்தான்னு சொல்லு. பதினோரு மணி."

"அறுபது பிள்ளைங்க வந்திறங்கியிருக்கே, நீலினா. பாத்து பயந்துடாதா?"

"டார்க்கிலைப் பாத்து எந்தப் பிள்ளையும் செத்துப்போகலை. போ."

அவள் போனாள். டோலினாவிடம் எனக்குப் பிடித்தது அதுதான், ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசுவாள்.

கூண்டு வைக்கும் கொட்டகையில் டார்க்கிலின் கடப்பாரை இருந்தது. எடுத்து வந்து பலகைப் பெட்டியின் ஓரத்தில் செருகி நெம்பினேன். முதல் ஆணி கிரீச்சென்று வந்தது. இரண்டாவது ஆணி வந்ததும் ஒரு பலகை அப்படியே என் காலடியில் விழுந்தது.

உள்ளே கேப்டன் பிம் நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு கோட்டு, தொப்பி, கன்னத்தில் ரோஸ் பவுடர். மணி பத்தரை ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவரை உள்ளே அனுப்பிவிட்டுக் கேமராவைச் சரி செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"டீ அப்புறம் குடிக்கறேங்க," என்றார். "இப்ப கூப்பிட்டுடுவாங்க." அப்புறம்தான் கடப்பாரையைப் பார்த்தார். அதற்கப்புறம் என் தோளுக்குப் பின்னால் விளக்கடியில் இருந்த சவப்பெட்டியைப் பார்த்தார். "யாருங்க அது?"

"என் புருஷன். புதன்கிழமை போயிட்டான்."

"உங்களுக்குப் புருஷன் இருந்தாரா?"

"பின்னறையில இருந்தான்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வந்த நாள்லேர்ந்து."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் இதுக்குள்ள நிக்கறப்ப, பிள்ளைங்க பாடினா உள்ளேர்ந்து ஒரு குரல் கேக்கும்," என்றார். "நான் இருக்கேன்னு. ஒவ்வொரு தடவையும் கேக்கும். ரேடியோன்னு நினைச்சேங்க."

என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார். நடிக்கிறவருக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நங்கூரம் போட்ட காகிதம் கிழிய, பக்கப் பலகை இரண்டும் மேல் பலகையும் விழுந்தன. வெளியே பாட்டு தொடங்கிவிட்டது. உள்ளே இடிக்கிற சத்தம் அறுபது தொண்டைக்குக் கீழே யாருக்கும் கேட்கவில்லை. பாட்டு முடிந்தது. டொக் டொக் டொக்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கதவைத் திறந்தார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவு வழியாகத் தெரு வெளிச்சம் என் முன்னறைக்குள் வந்தது. வாசலில் ஒரு பொடியன், பின்னால் பிள்ளைகள் கூட்டம், கேமரா, கடல். கேப்டன் கையைத் தூக்கவில்லை. கோட்டெல்லாம் தூசு, தொப்பியை நெஞ்சில் வைத்திருந்தார். அறுபது பிள்ளைகளும் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். டைரக்டர் நிறுத்து நிறுத்து என்று கத்தினான்.

பிப்பா ஓடிவந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்து வெளுத்துப்போனாள். ஆனாலும் அவள் வேலை அவளுக்கு.

"அரை மணி நேரம், நீலினா. அரை மணி நேரம் மட்டும். அப்புறம் நானே தூக்கறேன்."

"முடியாது."

என் வாழ்நாளில் ஒரு விருந்தாளியின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் முடியாது அதுதான். உலகம் இடிந்து விழவில்லை. அவள் சரி என்று சொல்லிவிட்டுக் கேமரா பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர் ஆண்கள் எல்லாரும் கூட்டக் காட்சிக்காகத் துறையில் நின்றிருந்தார்கள். ஒருவன் கோடு போட்ட சட்டை, ஒருவன் மஞ்சள் மழைக்கோட்டு, ரொட்டிக்கடைக்காரனுக்குப் பச்சைத் தொப்பி. தச்சன் முதலில் வந்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர். வேஷத்தைக் கழற்ற நேரமில்லை. தூக்க ஆறு பேர் வேண்டும், ஓர் ஆள் குறைந்தது. யூவன் கப்பல் கயிற்றருகே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கூப்பிடவில்லை. கேப்டன், நான் வரலாமா என்று மெல்லக் கேட்டார். கால் பக்கம் நில்லுங்கள் என்றேன்.

இப்படித்தான் டார்க்கில் முன்கதவு வழியாக வெளியே வந்தான். வாசலில் தட்டிய பொடியன் ஒதுங்காமல் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"கேப்டன் பெட்டியில யாரைக் கொண்டு போறார்?" என்று என்னைக் கேட்டான்.

"இந்த வீட்டுக்காரரை," என்றேன்.

அவன் யோசித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினான். மற்றப் பிள்ளைகளும் ஆட்டினார்கள். ஒன்றுகூட அழவில்லை. எந்தப் பிள்ளைகளுக்குப் பயந்து டார்க்கிலை இரண்டு வருஷம் மறைத்து வைத்தேனோ அந்தப் பிள்ளைகள்.

ரோஜா வீட்டில் திரை இறங்கியது. பச்சையில், மஞ்சளில், ஊதாவில். ஹோட்டல் நீலத்தில் மட்டும் இறங்கவில்லை. அங்கே டிவிக்காரர்கள் திரைக் கம்பியையே கழற்றிவிட்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம்.

எங்கள் வழக்கப்படி பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பெட்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று, பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும். டோலினா என் முழங்கையைப் பிடித்து, வா உள்ளே போகலாம் என்றாள். உள்ளே என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் கூசியது. அவள் கையை எடுத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். பின்னால் யாரோ நீலினா நீலினா என்றார்கள். திரும்பவில்லை. பாதிரியார் மேட்டில் வந்து சேர்ந்துகொண்டார். என்னைப் பார்த்தார், பைபிளைப் பார்த்தார், முன்னால் நடந்தார். பாதி வழியில், ஆள் மாற்றும் இடத்தில், யூவன் இருந்தான். குறுக்கு வழியாக ஓடி வந்திருக்கிறான், மூச்சிரைத்தது. தலைப்பக்கத்துக் கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

குழிக்குள் தண்ணீர் இல்லை. பெட்டியை எட்டுக் கயிறு பிடித்து இறக்குவோம். யார் யாருக்கு எந்தக் கயிறு என்று மூப்பர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். முதல் கயிறு தலைமாட்டுக் கயிறு; செத்தவனுக்கு எல்லாரிலும் நெருங்கியவன் பிடிப்பது. அதை எந்தப் பெண்ணும் பிடித்துப் பார்த்ததில்லை. யூவன், பின்னால் வந்து சேர்ந்திருந்தவர்களையும் சேர்த்து, ஏழு பேரைக் கூப்பிட்டான். முதல் கயிறு அவன் கையிலேயே இருந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து, என் உள்ளங்கையைத் திறந்து வைத்து மூடினான்.

"மெதுவா விடு. கனமா இருக்கும்," என்றான்.

கனமாக இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் பாறையைப் பார்த்துப் பார்த்து எவ்வளவு குறைந்து போயிருக்கிறான். கயிறு கைக்குள் நகர்ந்து நகர்ந்து, பெட்டி தரை தட்டியது. ஒவ்வொருவராகக் கயிற்று நுனியை உள்ளே விட்டார்கள். மூடிமேல் விழும் சத்தம் ஏழு தடவை கேட்டது. என் கயிறு என் கையில் இருந்தது.

"அவனை உள்ள வச்சது நான்தான்," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். "டிவிக்காரங்க இல்லை. நான்."

யாருக்கும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் எங்களுடையது. அன்று 'நீ இல்லை' என்கிற ஒரே ஒரு இல்லைக்காக நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தச்சன், ரொட்டிக்கடைக்காரன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கேப்டன், பாதிரியார், கடைசியில் யூவன். ஒருவரும் சொல்லவில்லை.

கயிற்றை விட்டேன்.